தேறினால் போதும், முந்தினால்தான் உண்டு

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர் "படிச்சினு இருக்கேன்" என்று சொன்னால், எதிரில் இருப்பவர் கேட்கிற அடுத்த கேள்வி ஒன்றுதான்: "டிபார்ட்மென்ட்டா, குரூப்பா?" பதிலுக்குத் தக்கபடி கேட்டவரின் முகம் மாறும். டிபார்ட்மென்ட் என்றால், "நிலை ஆணைப் புக்கு என்கிட்ட இருக்குது தம்பி, எடுத்துக்கோ" என்பார். குரூப் என்றால், "ம்... பாரு, பாரு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சில சமயம் அந்த "பாரு"வில் லேசான எரிச்சலும் இருக்கும்.

முழுநேர வேலையோடு தினமும் படிப்பது எப்படி என்று பத்திரிகையிலும் யூடியூபிலும் வண்டி வண்டியாக அறிவுரை கிடைக்கிறது. விடியலில் எழு, போனைத் தூரவை, அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டு. அவற்றில் எதுவும் மேற்படி கேள்வியைக் கேட்பதில்லை. எல்லாப் படிப்பும் ஒரே படிப்பு, குறைவது நேரம் மட்டும்தான் என்கிற நினைப்பில் அவை பேசுகின்றன. ஆட்சியர் அலுவலகத்தில் ஒரே பிரிவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவர் துறைத் தேர்வுக்கும் இன்னொருவர் குரூப் 2-க்கோ குரூப் 1-க்கோ படிப்பதைப் பார்த்தால் அந்த நினைப்பு நிற்காது. இருவருக்கும் அதே பத்து மணி, அதே 5.45, அதே நிலுவைக் கோப்பு. ஆனால் ஒருவருக்கு அலுவலகமே பாதிப் பாடத்தைச் சொல்லித் தருகிறது. மற்றவருக்கு அதே அலுவலகம் படித்ததையெல்லாம் மறக்கடிக்கிறது.

வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து 1989 செப்டம்பர் 30-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. அதன் ஆட்சியர் அலுவலகம் கோயிலிலிருந்து விலகி, வேலூர் சாலையில் வேங்கிக்காலில் இருக்கிறது. பௌர்ணமிக்கு ஊரே மலையைச் சுற்றும். மற்ற நாட்களில் மாவட்டம் இந்தக் கட்டடத்தைச் சுற்றும், திங்கட்கிழமைகளில் குறைதீர்வு மனுவோடு. இங்கே இளநிலை உதவியாளராகவும் தட்டச்சராகவும் உள்ளவர்கள் பெரும்பாலும் குரூப் 4 எழுதி வந்தவர்கள், அல்லது பணியில் இறந்துபோன அப்பாவின் இடத்துக்குக் கருணை அடிப்படையில் வந்தவர்கள். எப்படி வந்தாலும், சேர்ந்த பிறகும் படிப்பு விடாது. பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி முடிக்க வேண்டும். பதவி உயர்வு வரிசையில் பெயர் நிற்க வேண்டுமானால் பணி விதிகள் சொல்லும் துறைத் தேர்வுகளில் தேற வேண்டும்.

வருவாய்த் துறைக்காரருக்கு இந்தத் தேர்வுகளின் பெயர்கள் மனப்பாடம். வருவாய்த் தேர்வின் மூன்று பகுதிகள், மாவட்ட அலுவலக நடைமுறை நூல் தேர்வு, சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வு. நடத்துவது டி.என்.பி.எஸ்.சி.யேதான். மே, டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை. தேறினால், முடிவு வெளியான தேர்வாணைய வெளியீட்டின் எண்ணும் தேதியும் பணிப்பதிவேட்டில் ஏறும். தேறாவிட்டால் ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதலாம், ஒரு கட்டணம் போகும், கேலியாக நாலு பேச்சு வரும், அவ்வளவுதான்.

குரூப் தேர்வும் அதே தேர்வாணையம் நடத்துவதுதான். கணக்குத்தான் வேறு. குரூப் 4-ஐ எடுத்துக்கொண்டால் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25. குறைந்தபட்ச மதிப்பெண் 90 என்று அறிவிப்பில் இருக்கும், ஆனால் 90 வாங்கியவரை யாரும் வேலைக்குக் கூப்பிடப் போவதில்லை. 2025 ஜூலை 12-இல் நடந்த தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 3,935. எழுதுகிறவர்கள் லட்சக்கணக்கில். குரூப் 2, குரூப் 1 என்று மேலே போகப் போக இடம் சுருங்கி, முதல்நிலை, முதன்மை என்று கட்டங்கள் கூடும். அங்கே தேறுவது என்ற ஒன்றே கிடையாது. முந்துவது மட்டும்தான்.

வேலையோடு படிப்பவருக்கு இந்த ஒரு வேறுபாடுதான் ராத்திரித் தூக்கத்தைத் தீர்மானிக்கிறது. துறைத் தேர்வுக்காரர் ஒரு கட்டத்தில் "போதும்" என்று புத்தகத்தை மூடலாம். தேர்ச்சிக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரியும், அதற்கு மேல் படித்தாலும் பணிப்பதிவேட்டில் அதே ஒரு வரிதான். குரூப் எழுதுகிறவருக்குப் "போதும்" கிடையாது. அவர் மூடி வைக்கிற நேரத்தில் செய்யாற்றிலோ செங்கத்திலோ வேலைக்குப் போகாமல் முழுநேரமும் படிக்கிற இன்னொருவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். உடம்புச் சோர்வு இருவருக்கும் ஒன்றாக இருக்கலாம். குற்ற உணர்வு ஒருவருக்கு மட்டுமே.

அலுவலகம் துறைத் தேர்வுக்குப் பாடம் சொல்லித் தருகிறது என்றேன். எப்படி என்று ஒரு கோப்பைப் பிரித்தே பார்க்கலாம். தபால் வருகிறது. பகிர்மானப் பதிவேட்டில் ஏறி, பிரிவு உதவியாளரின் தன்பதிவேட்டுக்கு வந்து, ந.க. எண் பெறுகிறது. குறிப்பு எழுதி மேலே போய், ஆணையாகித் திரும்புகிறது. முடிக்கும்போது அதற்கு ஓ.மு.வா, மூ.மு.வா, ப.மு.வா, நி.மு.வா என்று போட வேண்டும். ஓராண்டு வைத்திருந்து அழிக்கிற கோப்பா, மூன்றாண்டா, பத்தாண்டா, காலத்துக்கும் வைத்திருக்க வேண்டியதா என்பது அதில் இருக்கிறது. நடைமுறை நூல் தேர்வில் வருகிற கேள்வியும் இதுவேதான். மேசையில் ஆறு மாதம் இதைச் செய்தவர் படிக்காமலே பாதி தூரம் போயிருப்பார். புதிதாக வந்தவர் தப்பாகப் போட்ட ப.மு.வைச் சூப்பிரண்டு சிவப்பு மையில் அடித்துத் திருப்பிய அந்தக் கோப்பை அவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். அதற்கு இணையான கோச்சிங் எங்கேயும் கிடையாது.

வருவாய்த் தேர்வும் இப்படியே. பட்டா மாறுதல் மேல்முறையீடு பார்க்கிற இருக்கையில் இருந்தால் நிலை ஆணை 31 தினமும் கண்ணில் படும். நில ஒப்படைக் கோப்பு என்றால் 15, வீட்டுமனை என்றால் 21. துறைத் தேர்வுகளில் பல தாள்களைப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். வெளியாட்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், "பாத்து எழுதற பரீட்சைல கூடவா பெயிலு ஆவறீங்க?" என்பார்கள். ஆகிறார்கள். புத்தகம் கையில் இருப்பதும், கேட்ட விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிவதும் ஒன்றில்லை. நிதி விதித் தொகுப்பைத் தேர்வறையில் முதன்முதலாகப் பிரிப்பவருக்கு நேரம் முழுக்க விரல் நுனியிலேயே தீர்ந்துவிடும். இதற்கு வேண்டிய படிப்பு மனப்பாடம் அன்று, புத்தகத்தோடு பழக்கம். தினம் அரை மணி நேரம், அன்றைக்குக் கையில் வந்த கோப்புக்குரிய விதியை மூலப் புத்தகத்தில் தேடி எடுப்பது. அதை மதியச் சாப்பாட்டுக்குப் பின்பும் செய்யலாம், வெளிப்படையாகவும் செய்யலாம். அலுவலக வேலையாகவே அது கணக்கில் வரும்.

குரூப் படிப்பு அந்த மேசையில் நடக்காது. எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் இருக்கும் இலக்கணக் குறிப்புக்கும் முதியோர் உதவித்தொகைக் கோப்புக்கும் என்ன தொடர்பு? தனிவட்டி கூட்டுவட்டிக்கும் ஆயுத உரிமப் புதுப்பித்தலுக்கும்? பகலெல்லாம் ஒரு மொழியில் யோசித்த தலையை ராத்திரி எட்டு மணிக்கு இன்னொரு மொழிக்குத் திருப்ப வேண்டும். முதல் முக்கால் மணி நேரம் இந்தத் திருப்பத்துக்கே போகிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன் என்பவர் உண்மையில் படித்தது ஒன்றேகால் மணிதான். நேர அட்டவணை போட்டுத் தருகிற யாரும் இந்த முக்கால் மணியைக் கழிப்பதில்லை.

ஆகவே விடியற்காலை என்கிறார்கள். சரியான அறிவுரைதான், தலை காலியாக இருக்கும் நேரம் அது. இதற்குச் சொல்லப்படும் பெரிய உதாரணம் சர் சி.வி. ராமன். 1907-இல் நிதித் துறை அதிகாரியாகக் கல்கத்தா போனவர், பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் காலை ஐந்தரைக்கே ஆய்வுக்குப் போய்விடுவார். 9.45-க்கு வீடு, குளியல், அவசரச் சாப்பாடு, ஆபீஸ். மாலை ஐந்துக்கு ஆபீஸிலிருந்து நேரே மறுபடி கழகம், இரவு ஒன்பதரை பத்து வரை. இடையில் ரங்கூன், நாக்பூர் மாற்றல்கள் போக, 1917-இல் பாலித் பேராசிரியர் பதவிக்கு வரும்வரை இதே வாழ்க்கை. படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை இல்லை. ஆனால் 9.45-க்கு வீட்டுக்கு வந்தவுடன் சாப்பாடு தயாராக இருந்ததே, அந்த வரியைக் கதை சொல்பவர்கள் தாண்டிப்போய்விடுகிறார்கள். வீட்டில் மனைவி லோகசுந்தரி அம்மாள் இருந்தார்.

வேங்கிக்காலில் குரூப் 2-க்குப் படிக்கும் பெண் ஊழியர்களுக்கு விடியற்காலை ஐந்தரை என்பது குக்கர் விசில் நேரம். பிள்ளைக்கு டிபன், வீட்டுக்காரருக்கு டிபன், மாமியாருக்குக் காபி, பிறகு போளூர்ப் பக்கமிருந்தோ கலசபாக்கத்திலிருந்தோ பஸ். அவர்களுக்கு எட்டே முக்கால் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் அதுதான் படிப்பறை. அங்கே தமிழ்ப் பாடம் ஓடும். திறனறிவுக் கணக்கு ஓடாது, அதற்குத் தாளும் பேனாவும் ஆடாத பலகையும் வேண்டும். 25 கேள்விதானே என்று அதைக் கடைசிக்குத் தள்ளி, கடைசியில் அந்த 25-ஆலேயே கட் ஆஃபை விட்டவர்கள் ஏராளம். பெண்களின் குரூப் படிப்பு தாமதமாவதற்கு முயற்சிக் குறைவைக் காரணம் சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஒரு வாரம் அந்த வீட்டில் காலைச் சமையலைச் செய்துவிட்டு வரட்டும், பேசலாம்.

துறைத் தேர்வில் இந்த ஆண் பெண் இடைவெளி வெகுவாகக் குறைகிறது. பாடம் அலுவலக நேரத்துக்குள்ளேயே பாதி ஏறிவிடுவதால், வீட்டில் கிடைக்காத விடியற்காலை அங்கே அவ்வளவு பெரிய இழப்பாக இருப்பதில்லை. இரண்டு படிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் என் கண்ணில் முதலில் பட்டது இதுதான், மதிப்பெண் கணக்கெல்லாம் அப்புறம்.

அடுத்தது மேலதிகாரி. துறைத் தேர்வு எழுதுகிறவருக்குச் சூப்பிரண்டு ஆசிரியர். அவரும் அதே தாளை எழுதித்தான் அந்த நாற்காலிக்கு வந்தார். குரூப் எழுதுகிறவர் அவர் கண்ணுக்குக் கிளம்பப் போகிற ஆள். பழக்கி வைத்த கை போய்விடும், இருக்கை காலியாகும், அந்த வேலையும் பக்கத்து இருக்கைக்காரர் தலையில் விழும். எனவே பலர் குரூப் படிப்பை மறைத்தே படிக்கிறார்கள். பணியில் இருப்பவர் வேறு பதவிக்கு விண்ணப்பித்தால் அலுவலகத் தலைவருக்குத் தெரிவித்து, சான்றிதழ் சரிபார்ப்பின்போது தடையின்மைச் சான்று காட்ட வேண்டும். அதனால் ரகசியம் எப்படியும் ஒருநாள் வெளியே வரும். அதுவரை மேசை இழுப்பறைக்குள் பள்ளிப் புத்தகம், அதன்மேல் சுற்றறிக்கைக் கட்டு.

இப்படி இருக்கத்தான் வேண்டுமா? ராமானுஜன் 1912 மார்ச் 1-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். அவருடைய கணிதத்துக்கும் துறைமுக வரவு செலவுக் கணக்குக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த வகையில் அவர் இன்றைய குரூப் படிப்புக்காரரின் கட்சி. ஆனால் அவருக்கு மேல் இருந்த எஸ். நாராயண ஐயர் கணிதம் படித்தவர், ராத்திரியில் ராமானுஜனோடு சிலேட்டில் கணக்குப் போட உட்கார்ந்தவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் தடை சொல்லவில்லை, பரிந்துரை செய்தார். 1913 ஜனவரி 16-இல் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போனது அந்த எழுத்தர் நாற்காலியில் இருந்த காலத்தில்தான். அதே ஆண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவித்தொகை வந்தது, துறைமுகம் அவரை விட்டுக்கொடுத்தது. மேதைக்கு நடந்ததை எல்லோருக்கும் எதிர்பார்க்க முடியாது, சரி. ஆனால் அங்கே பெரிய உதவி எதுவும் கேட்கப்படவில்லை. வேலையை முடித்துவிட்டுப் படிக்கிறவனைப் படிக்க விட்டார்கள், அவ்வளவே.

பணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துறைத் தேர்வுக்கு ஒரு செட் புத்தகம், அதுவும் பெரும்பாலும் இரவல். குரூப்புக்கு டெஸ்ட் பேட்ச் கட்டணம், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, மாதிரித் தேர்வுத் தாள் என்று கை கரையும். வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பயிற்சி இலவசம். ஆனால் வகுப்பு பகலில் என்றால், வேலையில் இருப்பவருக்கு அதனால் பயனில்லை. அவர்களுக்கு உதவுவது வேலைவாய்ப்புத் துறையின் மெய்நிகர் கற்றல் வலைதளமும் கல்வித் தொலைக்காட்சியும்தான்.

நாட்காட்டி விஷயத்தில் மட்டும் துறைத் தேர்வுக்காரர்தான் பாவம். மே மாதத் தேர்வு, ஜமாபந்தி வேலை நெருக்கும் காலத்தில் வருகிறது. பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடிவதால் அதற்குள் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்தாக வேண்டும். டிசம்பர்த் தேர்வு திருவண்ணாமலை மாவட்டத்துக்கு மட்டும் ஒரு தனிச் சோதனை, ஏனென்றால் கார்த்திகை தீபம். 2022-இல் டிசம்பர் 6, 2024-இல் டிசம்பர் 13, 2025-இல் டிசம்பர் 3. வருவாய்த் துறைக்காரருக்குத் தீபம் என்றால் சாமி கும்பிடுவதற்கு முன்னால் டூட்டி. தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க நின்றவர், ஒருநாள் தூங்கி எழுந்து நிதி விதித் தொகுப்பைப் பிரிப்பார். 2024-இல் இன்னும் மோசம். ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் 1 அன்று மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். மீட்பு, நிவாரணக் கணக்கு, அது அடங்கும் முன் தீபம். 2025-இல் நவம்பர் 4 முதல் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம், அதன் நடுவிலேயே தீபம். இந்த மாதங்களில் தினம் அரை மணி நேரம் படி என்று யாராவது சொன்னால் அது அறிவுரை இல்லை, கிண்டல். குரூப் தேர்வுகளுக்கு இப்படி நிரந்தரமாக வந்து மோதும் மாதம் எதுவும் இல்லை, தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

அப்படியானால் எதை முதலில் படிப்பது? இரண்டையும் சேர்த்துப் படிக்கிறேன் என்பவர்கள் உண்டு. அவர்களுடைய வைராக்கியத்தை நான் மதிக்கிறேன், திட்டத்தை மதிக்கவில்லை. குரூப் 1 வாங்கினால் ஒரே தாவலில் துணை ஆட்சியர். இளநிலை உதவியாளராகத் தொடங்கிப் பதவி உயர்விலேயே தாசில்தார் ஆவதற்குள் தலை நரைத்துவிடும். எனவே குரூப்பின் பக்கம் மனசு இழுப்பது இயற்கை. ஆனால் முந்துகிற தேர்வில் தோற்ற வருஷத்துக்குப் பணிப்பதிவேட்டில் ஒரு வரி கூட மிஞ்சாது. அப்படி நாலைந்து வருஷம் போனபின் திரும்பிப் பார்த்தால், துறைத் தேர்வை முடித்த ஜூனியர் முதுநிலைப் பட்டியலில் தாண்டிப் போயிருப்பார். வேங்கிக்காலில் அப்படித் தாண்டப்பட்டவர்களைக் காட்ட நான் அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை.

சேர்ந்த முதல் இரண்டு மூன்று ஆண்டில், வயதும் மனசும் இளசாக இருக்கும்போதே குரூப் படிக்க வேண்டும் என்பார்கள். என் கட்சி எதிர்க்கட்சி. அந்த இரண்டு ஆண்டில்தான் கோப்பு புதிது, சூப்பிரண்டின் சிவப்பு மை புதிது, ஒவ்வொரு விதியும் ஏன் இருக்கிறது என்ற கேள்வி புதிது. துறைத் தேர்வுகள் அப்போது மேசையோடு சேர்ந்தே முடியும். பத்து வருஷம் கழித்து, விதியைப் பார்க்காமலே வேலை செய்யப் பழகிய கைக்கு அதே புத்தகம் அந்நியமாகிவிடும். துறைத் தேர்வை முதல் மூன்று நான்கு தடவைகளுக்குள் முடித்துவிட்டு, அப்புறம் குரூப்புக்கு இறங்குபவருக்கு இன்னொரு லாபமும் உண்டு. தோற்றாலும் இருக்கிற வேலை நகரும் என்ற நிம்மதி. "போதும்" இல்லாத படிப்பை வருஷக்கணக்கில் தாங்குவதற்கு அந்த நிம்மதி வேண்டும். கருணை அடிப்படையில் வந்தவர்களுக்கு இது இன்னும் கூடப் பொருந்தும். வீட்டுச் சுமை முழுவதையும் ஏற்கெனவே தோளில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள்.

பிரிவுத் தலைவர்களுக்கும் டூட்டிப் பட்டியல் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிசம்பர்த் தேர்வுக்கு யார் யார் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும், நுழைவுச்சீட்டும் அவர்கள் கையில் இருக்கும். தீபம் டூட்டிப் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பெயர்களை ஒருமுறை ஒத்துப் பாருங்கள். தேர்வுக்கு முந்தைய ராத்திரி டூட்டியை மட்டும் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுங்கள். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.